கழற்றப்போகிற மூடி

இன்ஜினின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் மூடியை நம் ஊர் மெக்கானிக்குகள் டேப்பட் கவர் என்பார்கள். அதற்கும் கீழே உள்ள சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் சுற்றி ஓடும் பட்டைதான் டேப்பட் கவர் பேக்கிங். இன்ஜினில் இருக்கிற பேக்கிங்குகளிலேயே சுலபமான வேலை இதற்குத்தான். ஹெட் கேஸ்கட், எரிகிற வாயுவின் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே தண்ணீரையும் ஆயிலையும் நெருப்பையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைக்க வேண்டும். டேப்பட் கவர் பேக்கிங்குக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. ராக்கர் மேலும் கேம் ஷாஃப்ட் மேலும் தெறித்து வழிகிற ஆயில் வெளியே எட்டிப் பார்க்காமல் இருந்தால் போதும். அப்படியிருந்தும், ஓடித் தேய்ந்த வண்டியில் ஆயில் கசிவு என்றால் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். கசிவை நிறுத்துகிறேன் என்று அதிக அக்கிரமம் நடப்பதும் இதன்மேல்தான்.

ட்யூபிலிருந்து சிலிகான் பசையைத் தாராளமாகப் பிதுக்கி, போல்ட்டை முடிந்த மட்டும் இறுக்கி, 'இனி ஜென்மத்துக்கும் கசியாது' என்று அனுப்பி வைப்பார்கள். கொஞ்ச நாள் கசியாமலும் இருக்கும். பிறகு வேறு ஏதோ வேலைக்காக அந்த மூடியைத் திறக்க வேண்டி வரும். அப்போது அது வராது. திருப்புளியை இடுக்கில் கொடுத்து நெம்புவார்கள். தகர மூடி வளையும். அலுமினிய ஹெட்டாக இருந்தால் அதில் கீறல் விழும். அடுத்த கசிவு அந்தக் கீறல் வழியே தொடங்கும். டேப்பட் கவர் திறப்பதற்கென்றே வைத்த மூடி. அதை அடைக்கிறபோதே, அடுத்த முறை எப்படிக் கழற்றப் போகிறோம் என்பதையும் சேர்த்து யோசித்தாக வேண்டும். நல்ல மெக்கானிக்குகள் இதை யோசித்தார்கள். அவர்கள் செய்த வேலைக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் சுவையானது.

அம்பாசடரை எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1958 முதல் 2014 வரை தயாரான அந்தக் காரில் நெடுங்காலம் இருந்தது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் உடன்பிறப்புகள் இங்கிலாந்தில் எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களில் ஓடின. இதில் கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கும். அங்கிருந்து புஷ் ராட் மேலே ஏறி ராக்கரைத் தள்ள, ராக்கர் வால்வை அமுக்கும். ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி விட்டே ஆக வேண்டும். சூட்டில் வால்வு நீளும். இடைவெளி போதாவிட்டால் வால்வு முழுதாக உட்காராமல் லேசாகத் திறந்தே நிற்கும். சூடான வாயு அந்தச் சந்தில் சீறிப் பாய்ந்து வால்வின் ஓரத்தைக் கருக்கிவிடும். இடைவெளி கூடிப்போனாலோ 'டக் டக்' என்று சத்தம், இழுவையும் குறையும். தேய்மானத்தால் இந்த அளவு மாறிக்கொண்டே இருப்பதால், சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்து, ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்வார்கள். டேப்பட் அட்ஜஸ்ட் செய்வது அந்தக் காலத்து சர்வீஸில் ஆயில் மாற்றுவதைப் போன்ற வாடிக்கை.

வடிவமைத்தவர்களும் இதை மனதில் வைத்திருந்தார்கள். பி-சீரிஸ் மூடியைச் சுற்றி போல்ட் வரிசை கிடையாது. முதுகில் இரண்டே நட்டுகள், அவற்றின் அடியில் ரப்பர் புஷ்கள். இரண்டையும் கழற்றினால் மூடி கையோடு வந்துவிடும். தகட்டை அழுத்திச் செய்த அந்த மூடியின் ஓரத்தில் கார்க் பேக்கிங் படுத்திருக்கும்.

கார்க் என்பது ஓக் இனத்து மரமொன்றின் பட்டை. உலகத்து கார்க்கில் ஏறத்தாழ பாதி போர்ச்சுகலிலிருந்து வருகிறது. மரத்துக்கு 25 வயதாகும்போது முதல்முறை பட்டை உரிப்பார்கள். பிறகு 9 ஆண்டுக்கு ஒருமுறை. பாட்டிலை அடைக்கத் தகுந்த வழவழப்பான பட்டை கிடைப்பது மூன்றாவது உரிப்பில்தான். பாட்டிலுக்கு வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுகளை அரைத்துக் குருணையாக்கி, ரப்பரையோ பிசினையோ சேர்த்து அழுத்தினால் பேக்கிங் ஷீட். ராபர்ட் ஹூக் 1665-ல் வெளியிட்ட 'மைக்ரோகிராஃபியா' நூலில் நுண்ணோக்கி வழியே பார்த்து வரைந்தது இந்தக் கார்க்கின் சீவலைத்தான். சின்னச் சின்ன அறைகளாக அவர் கண்டவற்றிலிருந்துதான் உயிரியலில் 'செல்' என்ற பெயரே வந்தது. அந்த அறைகளுக்குள் இருப்பது பெரும்பாலும் காற்று. சுவர்களில் சூபரின் என்னும் மெழுகுத்தன்மை கொண்ட பொருள் ஊறியிருப்பதால் திரவம் எளிதில் உள்ளே இறங்காது.

பேக்கிங்குக்கு கார்க் பொருந்தியதற்கு இன்னொரு முக்கியமான காரணம் உண்டு. ஒரு ரப்பர் துண்டை மேலிருந்து அமுக்கினால் அது பக்கவாட்டில் பிதுங்கும். உயரத்தில் இழந்ததை அகலத்தில் ஈடுகட்டும். அதன் மொத்தக் கன அளவு மாறாது. இந்தப் பிதுக்கத்தை அளக்கும் எண்ணுக்குப் பாய்சான் விகிதம் என்று பெயர். ரப்பருக்கு அது 0.5-ஐ ஒட்டி இருக்கும். இயற்கையான கார்க்குக்குச் சுழியை ஒட்டி. கார்க்கை அமுக்கினால் அறைச் சுவர்கள் மடிந்து, உள்ளிருக்கும் காற்று நெருங்கி, கார்க் அப்படியே தாழ்ந்துகொடுக்கும். பக்கவாட்டில் போக்கிடம் தேடாது. ரப்பர் கலந்த கார்க் ஷீட்டில் இந்தக் குணம் கொஞ்சம் குறைந்தாலும் போய்விடாது. மேடும் பள்ளமுமான தகர ஓரத்துக்கு இதைவிட ஏற்ற பொருள் அன்று இல்லை. கடையில் பேக்கிங் கிடைக்காவிட்டால் ஷீட்டை மூடியின் விளிம்பில் வைத்து, சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் ஓரமாகத் தட்டித் தட்டி வெட்டிக்கொள்வார்கள். அலமாரியில் கிடந்து காய்ந்து சுருங்கிய கார்க்கைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள்.

இனி அடைப்பு என்பது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கண்ணுக்கு மழமழவென்று தெரிகிற உலோகப் பரப்பும் நுண்ணோக்கியில் மலையும் பள்ளத்தாக்குமாகத்தான் இருக்கும். பேக்கிங்கை வைத்து அழுத்தினால் முதலில் மலை உச்சிகள் மட்டும் தொடும். பள்ளத்தாக்குகள் ஒன்றோடொன்று இணைந்து, உள்ளேயிருந்து வெளியே போக வழி இருக்கும். அழுத்தம் கூடக்கூடத் தொடும் பரப்பு விரிந்து, பள்ளத்தாக்குகள் தனித்தனிக் குட்டைகளாகத் துண்டுபடும். ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்து இயற்பியலாளர் போ பெர்சன் கசிவைப் பற்றி உருவாக்கிய கோட்பாடு இதைத்தான் சொல்கிறது: முழுப் பரப்பும் தொட வேண்டியதில்லை, 40, 50 விழுக்காடு தொட்டாலே வெளியே போகும் கடைசி வழி அறுபட்டுவிடும். கசிவைத் தடுக்கத் தேவைப்படுவது, சுற்றிலும் எங்கும் குறையாத மிதமான அழுத்தம். ஒட்டும் சக்தி இதில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒட்டாமலே அடைக்க முடியும் என்றால் பசை எதற்கு? பேக்கிங்கை இடத்தில் பிடித்து வைக்க. அதற்கு ஒரு பக்கம் போதும். மூடிப் பக்கம் பசை, ஹெட் பக்கம் கிரீஸ் என்பது பழைய கைகளின் வழக்கம். மூடியைக் கழுவி, எண்ணெய்ப்பசை சிறிதும் இல்லாமல் துடைத்து, அதன் விளிம்பிலும் பேக்கிங்கின் ஒரு பக்கத்திலும் ரப்பர் வகைப் பசையை மெல்லியதாகத் தடவ வேண்டும். இரண்டும் கையில் ஒட்டுகிற பதத்துக்குக் காய்ந்தபின் சேர்த்து, சமமான பலகையில் கவிழ்த்து, மேலே பாரம் வைத்து ஓர் இரவு விட்டுவிட வேண்டும். மறுநாள் பேக்கிங்கின் வெளிப்பக்கத்தில், விரலில் பட்டும் படாமலும் இருக்கிற அளவுக்கு கிரீஸ் தடவி, ஹெட்டின் மேல் வைத்துப் பூட்டலாம். அடுத்த சர்வீஸில் நட்டைக் கழற்றினால் பேக்கிங் மூடியோடு முழுசாக வந்துவிடும். ஹெட்டில் சுரண்ட ஒன்றும் இருக்காது. அதே பேக்கிங்கை மறுபடி மறுபடி போடலாம்.

கிரீஸ் இல்லாமல் வைத்தால் என்ன ஆகும்? பேக்கிங் ஹெட்டோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடக்கும்போது கார்க்கில் உள்ள ரப்பர் உலோகத்தின் பள்ளங்களுக்குள் மெதுவாக இறங்கிப் பதிகிறது. ஓரத்தில் ஊறுகிற ஆயில் சூட்டில் கெட்டியாகி வார்னிஷாக மாறி அதுவும் பிடித்துக்கொள்கிறது. மூடியைத் தூக்கும்போது பாதி மேலேயும் பாதி கீழேயும் போவது இதனால்தான். ஒரு மெல்லிய கிரீஸ் படலம் இந்த இரண்டையும் தடுத்துவிடுகிறது. 

கிரீஸ் பக்கத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. வார்ப்பிரும்பு ஹெட்டின் மேல் அலுமினிய மூடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியின் நீளம் 50 சென்டிமீட்டர். இன்ஜின் சூடேறி வெப்பம் 80 டிகிரி கூடினால் அலுமினியம் 0.9 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். வார்ப்பிரும்பு அதில் பாதிகூட நீளாது. வித்தியாசம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். வண்டியைக் கிளப்பி நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் நடுவில் மாட்டிய பேக்கிங் இந்த அரை மில்லிமீட்டர் இழுபறியைச் சந்திக்கிறது. இரண்டு பக்கமும் விறைப்பாக ஒட்டியிருந்தால் அந்த இழுப்பு முழுவதும் பேக்கிங்கின் உடம்பில் இறங்கிக் கிழிக்கும். ஒரு பக்கம் வழுக்கக் கிடந்தால் பேக்கிங் மெல்ல நகர்ந்து கொடுத்துவிடும். அப்படியானால் இரு பக்கமும் கிரீஸ் தடவலாமே என்று தோன்றும். கூடாது. உராய்வு இல்லாத பேக்கிங் இறுக்கும்போதே பிதுங்கி வெளியே வந்துவிடும். காயாத சிலிகான் பசையும் அப்படித்தான். ஈரமாக இருக்கும்போது அது பசையாக இல்லாமல் வழுக்குப் பொருளாகவே வேலை செய்கிறது. பசையைத் தாராளமாகப் பூசி உடனே இறுக்கிய கார்க் பேக்கிங் நடுவில் வளைந்து உள்ளே நுழைந்து கிடப்பதன் காரணம் இது.

அடுத்து இறுக்கம். பல இன்ஜின்களில் டேப்பட் கவர் போல்ட் 6 மில்லிமீட்டர் தடிமன் உடையது. பத்தாம் நம்பர் ஸ்பேனர் போட்டுக் கழற்றுவோமே, அதுதான். ஸ்பேனரைப் பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பத்து கிலோ பாரம் கொடுத்தால் கிட்டத்தட்ட 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு விழும். கைக்கு இது விளையாட்டு. ஆனால் போல்ட் என்பது சுருட்டி வைத்த சாய்தளம். அந்த முறுக்கில் ஒரு போல்ட் மூடியை அழுத்தும் விசை 850 கிலோ எடைக்குச் சமம். மறையில் ஆயில் பட்டு உராய்வு குறைந்திருந்தால் அதே கைவிசையில் 1,100 கிலோவையும் தாண்டும். எட்டு போல்ட் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தகர மூடி இதைத் தாங்குமா? போல்ட் ஓட்டையைச் சுற்றி உள்வாங்கிக் குழிந்துவிடும். ஓட்டைக்கு அருகே பேக்கிங் நசுங்கிச் சாகும். இரண்டு போல்ட்டுக்கு நடுவில் மூடி வில்லாக எழும்பிப் பேக்கிங்கைத் தொடாமல் நிற்கும். கசிவு அந்த நடு இடத்தில் வரும். கசிகிறதே என்று இன்னும் இறுக்குவார்கள். இறுக்க இறுக்கக் கசிவு கூடும். இப்படிக் குழிந்த மூடியைக் கட்டையின் மேல் கவிழ்த்து, ஓட்டைகளைச் சுற்றி உள்ளிருந்து தட்டிச் சமப்படுத்தாமல் எந்தப் பேக்கிங் போட்டாலும் பயனில்லை.

இறுக்கம் குறைவதும் இயல்பே. கார்க் அழுத்தத்தில் மெதுவாகத் தளர்ந்து தாழும். எஃகு போல்ட்டின் நீட்சி மிக மிகச் சிறியது. இறுக்கிப் பிடிக்கும் நீளம் இரண்டு சென்டிமீட்டர் என்றால், மேலே சொன்ன 850 கிலோ இழுப்பில்கூட அது நீள்வது 0.04 மில்லிமீட்டர், நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அதனால் பேக்கிங் ஒரு முடி அளவு தாழ்ந்தாலும் பின்தொடர்ந்து அழுத்த போல்ட்டிடம் சரக்கு இருக்காது. மீளும் தன்மை முழுவதும் பேக்கிங்கிடம்தான் இருந்தாக வேண்டும். புதுக் கார்க் போட்டு, இன்ஜின் ஒருமுறை சூடாகி ஆறியபின் நட்டை மறுபடி ஒரு கை பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இந்தச் சிக்கலுக்கு எனக்குத் தெரிந்து மிக அழகான விடை வோக்ஸ்வேகன் பீட்டிலில் இருக்கிறது. அந்த இன்ஜினில் சிலிண்டர்கள் படுத்திருக்கும். டேப்பட் கவர் இரண்டும் இடமும் வலமுமாகப் பக்கவாட்டில் இருக்கும். ஆயில் மூடியின்மேலேயே தேங்கும், ஆகவே அடைப்பது கூடுதல் கஷ்டம். ஆனால் மூடியைப் பிடித்திருப்பது போல்ட் கிடையாது, வளைந்த எஃகுக் கம்பி ஒன்று. திருப்புளியால் கம்பியை நெம்பினால் மூடி விடுபடும். திரும்ப நெம்பினால் பூட்டிக்கொள்ளும். கம்பி ஒரு ஸ்பிரிங். கார்க் கொஞ்சம் தாழ்ந்தாலும் கம்பி தாழ்ந்து வந்து ஏறக்குறைய அதே விசையில் அமுக்கிக்கொண்டிருக்கும். யாரும் அதைக் கூடுதலாக இறுக்கவும் முடியாது, குறைவாக இறுக்கவும் முடியாது. அங்கும் பேக்கிங்கை மூடியோடு ஒட்டி, ஹெட் பக்கம் கிரீஸ் தடவுவதே பீட்டில் வைத்திருப்பவர்களின் பழக்கம். 2003 ஜூலையில் மெக்சிகோவின் புயப்லா ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளியேறும்வரை இரண்டு கோடிக்கு மேல் தயாரான வண்டி அது. இவ்வளவு மலிவான ஏற்பாட்டை மற்றவர்கள் ஏன் பரவலாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இன்றைய கார்களில் கதை வேறு. பல இன்ஜின்களில் இடைவெளியை ஆயில் அழுத்தமே சரிசெய்துகொள்கிறது. மற்றவற்றில் அளவு பார்க்கும் தேவை மிக அரிதாகத்தான் வரும். மூடியை அடிக்கடி திறக்க வேண்டியதில்லை என்றானதும் பேக்கிங்கின் குணமும் மாறியது. கார்க் போய், அச்சில் வார்த்த ரப்பர் வந்தது. மூடி அலுமினியமாகவோ கண்ணாடி இழை கலந்த நைலானாகவோ ஆகி, அதில் வெட்டிய காடிக்குள் ரப்பர் பட்டை உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் பக்கவாட்டில் பிதுங்கும் என்று பார்த்தோமே, அந்தப் பிதுக்கத்துக்கு இடம் விட்டே காடியை வெட்டியிருப்பார்கள். காடி முழுக்க ரப்பராக இருந்தால் அமுக்க முடியாது; கல்லை அமுக்குவது மாதிரி ஆகிவிடும். இங்கே பசையை நிரப்புகிறவர்கள், விட்டு வைத்த அந்த இடத்தைத்தான் அடைக்கிறார்கள் என்பதை அறிவதில்லை.

போல்ட்டும் மாறிவிட்டது. நடுவில் படி வைத்த போல்ட். படி ஹெட்டில் முட்டியதும் அதற்குமேல் மூடி இறங்காது. ரப்பர் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதைப் போல்ட்டின் நீளமே தீர்மானிக்கிறது. மெக்கானிக்கின் கைத்திட்டம் செய்த வேலையை உதிரிபாகம் செய்கிறது. ஆனால் போல்ட் தலைக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் விறைத்துப் போயிருந்தால், படி முட்டியும் மூடி தளர்வாகவே நிற்கும். பேக்கிங்கை மாற்றும்போது இந்த வாஷர்களையும், ஸ்பார்க் ப்ளக் குழியைச் சுற்றியுள்ள வளையங்களையும் மாற்றாமல் விட்டால் பாதி வேலைதான் செய்ததாகும். ப்ளக் குழியில் ஆயில் தேங்கி இன்ஜின் விட்டுவிட்டு ஓடுவது பெரும்பாலும் அந்த வளையங்களால்தான்.

ரப்பர் ஏன் சாகிறது? நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஆங்காங்கே முடிச்சுப் போட்ட வலை அது. சூட்டிலும் ஆக்சிஜனிலும் புது முடிச்சுகள் விழுகின்றன, பழையவை அறுகின்றன. அமுங்கிய நிலையிலேயே விழுந்த புது முடிச்சுகள் அந்த அமுங்கிய வடிவத்தையே நிரந்தரமாக்கிவிடும். கழற்றிய பழைய பேக்கிங் சதுரமாக, பளபளவென்று, நகம் இறங்காமல் இருக்கிறதே, இதுதான். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வேதிவினை ஏறக்குறைய இரட்டை வேகமாகும் என்பது பொதுவான கணக்கு. நைட்ரைல் ரப்பர் ஆயிலைத் தாங்கும், ஆனால் 100, 120 டிகிரியைத் தாண்டி நெடுநாள் நிற்காது. அக்ரிலேட் ரப்பர் 150 வரை போகும். சிலிகானும் ஃப்ளோரோ ரப்பரும் 200-ஐ ஒட்டித் தாங்கும். பின்னதன் விலை அதிகம். இ.பி.டி.எம். என்ற ரப்பர் தண்ணீருக்கும் பிரேக் ஆயிலுக்கும் நல்லது, இன்ஜின் ஆயில் பட்டால் ஊதிப்போகும். பார்வைக்கு எல்லாம் ஒரே கறுப்புதான். நாலு காசு குறைவு என்று ஊர்பேர் தெரியாத பேக்கிங்கை வாங்குகிறவர் எந்த ரப்பரை வாங்குகிறார் என்பது அவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது.

இப்போது அந்த ட்யூபுக்கு வருவோம். நம் ஒர்க்‌ஷாப்களில் எந்தக் கம்பெனிப் பசையையும் 'அனபாண்ட்' என்றே சொல்கிற அளவுக்கு ஒரு சென்னை நிறுவனத்தின் பெயர் பொதுப்பெயராகிவிட்டது. பசைமேல் குற்றமில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி, திரவமாக இருக்கும் சிலிகான் ரப்பராக மாறுவதுதான் அதன் வேதியியல். வெளித்தோல் முதலில் காயும்; உள்ளே ஈரம் ஊடுருவ நேரமாகும். தடித்த பூச்சு ஒரு நாளானாலும் நடுவில் குழகுழவென்றே இருக்கும். பூசிய அரை மணியில் ஸ்டார்ட் செய்தால் அந்தக் குழம்பை ஆயில் அரித்துக்கொண்டு போகும். மலிவான வகைகள் காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அது அசிட்டிக் அமிலம், உலோகத்தை அரிக்கும். காயும் சிலிகானின் ஆவி ஆயிலோடும் காற்றோடும் இன்ஜினுக்குள் போய் எரிந்தால் சிலிக்கா படிந்து ஆக்சிஜன் சென்சாரைக் குருடாக்கும் ஆபத்தும் உண்டு. சென்சாருக்குப் பாதகமில்லாதது என்று குறிப்பிட்டு விற்கும் வகைகள் இதனால்தான் வந்தன.

பெரிய ஆபத்து உள்ளே பிதுங்கும் பசை. வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரிகிறது. அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். காய்ந்த அந்தப் புழுக்கள் ஒருநாள் உதிர்ந்து, ஆயிலோடு கீழே இறங்கி, சம்ப்பில் இருக்கும் ஆயில் பம்பின் வலையில் ஒட்டும். வலை அடைபட்டால் ஆயில் ஏறாது. பேரிங் காயும். சில சொட்டுக் கசிவை நிறுத்தப் போய் இன்ஜின் பிடித்த கதை இப்படித்தான் நடக்கிறது.

பசை தேவைப்படும் இடங்கள் உண்டு. டைமிங் கவரும் சிலிண்டர் ஹெட்டும் சந்திக்கும் கோடு, கேம் ஷாஃப்ட் முனையில் அரைவட்டமாக ஏறி இறங்கும் மூலை போன்ற இடங்களில் ரப்பர் பட்டை கூர்மையான மூலையை நிரப்ப முடியாது. அங்கே மட்டும் ஒரு பொட்டு. மேனுவலில் படம் போட்டே காட்டியிருப்பார்கள். மற்ற இடமெல்லாம் ரப்பர் உலர்வாக, சுத்தமாக உட்கார வேண்டும். கார்க்குக்குச் சொன்ன கிரீஸ் வைத்தியத்தை, காடியில் உட்காரும் ரப்பருக்குக் கம்பெனி சொல்லாமல் செய்ய வேண்டாம்.

சிலிகானுக்கு முன்பு அரக்கு இருந்தது. ஜார்க்கண்ட் காடுகளில் பலாச மரத்திலும் பூவன் மரத்திலும் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்த ஷெல்லாக் இன்றும் கடையில் கிடைக்கிறது. அது இறுகிப் போனாலும் ஸ்பிரிட் பட்டால் மறுபடி கரையும். ஆகவே பின்னால் வருகிறவருக்குத் தொல்லை குறைவு. பிரிட்டனில் ரோல்ஸ் ராய்ஸின் ஜெட் இன்ஜின் பணிகளுக்காக உருவான ஹைலோமார் இன்னும் ஒருபடி மேல். நீல நிறப் பசையான அது காய்வதே இல்லை. பிசுபிசுப்பாகவே இருந்து, கழற்றும்போது தகராறு செய்யாமல் பிரிந்துவிடும். இவற்றை விட்டுவிட்டுக் கட்டியாக இறுகும் பசைக்கு நாம் தாவியதற்கு வசதியைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

புதுப் பேக்கிங், சரியான இறுக்கம், எல்லாம் இருந்தும் கசிந்தால்? பிரீதரைப் பாருங்கள். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அது வெளியேற வழி வேண்டும். பழைய இன்ஜின்களில் குழாய் வைத்து வெளியே விட்டார்கள். புகைமூட்டத்தால் தவித்த கலிஃபோர்னியா 1960-களின் தொடக்கத்தில் விதி கொண்டுவந்தபின், அந்த வாயுவை பி.சி.வி. வால்வு வழியாக இன்ஜினே உறிஞ்சி எரிக்கும் முறை பரவியது. அந்த வால்வோ குழாயோ கசடேறி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். பலவீனமான இடம் எங்கே என்று அது தேடும், பேக்கிங் அகப்படும். இந்த நிலையில் பேக்கிங்கை எத்தனை முறை மாற்றினாலும் காசுதான் கரையும். இன்ஜின் சும்மா ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, உள்ளிருந்து காற்று பலமாக ஊதுகிறதா என்று பார்ப்பது முதல் சோதனை.

சுத்தம் செய்வதிலும் ஒரு எச்சரிக்கை. அலுமினிய ஹெட்டில் இரும்புச் சுரண்டி படக் கூடாது. மரம் அல்லது பிளாஸ்டிக் சுரண்டியே போதும். சுழலும் நார்த் தட்டை டிரில்லில் மாட்டித் தேய்ப்பது வேகமாகத்தான் இருக்கும், ஆனால் அதிலிருந்து உதிரும் அலுமினா பொடி ஆயிலில் கலந்து பேரிங்கை அரித்துவிடும். இது வேண்டாம் என்று கார் நிறுவனங்களே தங்கள் ஒர்க்‌ஷாப்களுக்கு எழுதியிருக்கின்றன. சுரண்டியபின், எளிதில் ஆவியாகும் திரவத்தில் நனைத்த துணியால் கடைசியாக ஒருமுறை துடைத்தால் பேக்கிங் பிடிக்க அதுவே போதும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் சொட்டினால் மட்டும் தாமதிக்காதீர்கள். அப்போது எழும் கருகல் வாடை தீப்பிடிக்கவும் வழி உண்டு என்று சொல்கிறது. மற்றபடி ஓரத்தில் லேசாகப் பூத்திருக்கும் ஆயில் அவசரமில்லை, நிதானமாகச் செய்யலாம். அடுத்த முறை உங்கள் மெக்கானிக் டேப்பட் கவரைத் திறந்துவிட்டு ட்யூபைக் கையில் எடுத்தால், 'எங்கே பூசப் போறீங்க அண்ணே?' என்று கேளுங்கள். மூலையில் மட்டும் என்றால் சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். சுற்றிலும் என்றால் தடுத்துவிட்டு, புதுப் பேக்கிங்கும் வாஷரும் வாங்கிக் கொடுங்கள்.